சாத்தனுக்கு ஒரு வேலை

கேள்வி: மலையாள சூப்பர் ஹீரோ படமான 'லோகா'வின் இரண்டாம் பாகத்தில் சாத்தனாக வரும் டொவினோ தாமஸிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?
– ஒரு ரசிகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: முதலில் படம் வரட்டும். அதே டொவினோவின் 'மின்னல் முரளி' வந்தது 2021-இல். அடுத்த பாகத்துக்கு ரசிகர்கள் இன்னும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். நம் தமிழ் சூப்பர் ஹீரோ 'முகமூடி'யை 2012-இல் கழற்றியதோடு சரி. 'எந்திர'னில் தன்னைத்தானே கழற்றிப்போட்ட சிட்டியை '2.0'வில் திரும்பப் பூட்ட ஷங்கருக்கே எட்டு வருஷம் பிடித்தது!

உலகத்தைக் காப்பாற்றும் ஹீரோக்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. சாத்தன் கடலூருக்கு வரட்டும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததே, அப்படி ஒரு வில்லனைச் சமாளிக்கட்டும். அன்று வெளிமாவட்ட லைன்மேன்கள் வந்து கம்பம் நட்டார்கள். டொவினோ ஒரு கம்பமாவது நட்டால் முதல் காட்சிக்கு உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் என் செலவு. பாப்கார்ன் மட்டும் உங்களுடையது. அந்த விலைக்கு எனக்குச் சக்தி இல்லை.