ஒரு ரூபாய் இருபத்தேழு பைசா

வெள்ளகோவில்,
15.05.2024

பெறுநர்:
மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகம்,
நிர்மாண் பவன், புது டெல்லி.

பொருள்: கொரோனா ஊசி போட்ட வகையில் வந்த டேமேஜ், கணக்கு முடிப்பது தொடர்பாக.



நான் வெள்ளகோவிலில் பத்து மிஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க்காரன். அதற்கு முன்னால் திருப்பூரில் இருபது வருஷம் செக்கிங்கில் நின்றவன். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று பீஸைப் புரட்டிப் புரட்டியே கண்ணாடி போட்டேன். டேமேஜ் என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாக நீளும். 2022 நவம்பரில் நீங்கள் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தையும் அப்படித்தான் படித்தேன். தப்பாக நினைக்கக் கூடாதுங்க.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஊசிக்கு எதிரி இல்லை. ரெண்டு டோஸ் போட்டவன். 2021 மே மாதம் ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்ததைப் பார்த்தவன். நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டாம் நாள் இறந்தபோது தெருவெல்லாம் ஊசியைத்தான் திட்டியது. அது மாரடைப்பு, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உங்கள் நிபுணர் குழு ஆறு மாதம் கழித்துச் சொன்னது. டீக்கடையில் அதற்காக வாதாடிய ஒரே ஆள் நான்தான்.

அப்படிப்பட்ட என்னிடம் தறி ஓட்டுகிற ஒருவர் வந்தார். எனக்கு மச்சான் முறை. அவர் மகள், டெய்லர், 2021 ஆகஸ்டில் கோவிஷீல்டு போட்டாள். பன்னிரண்டாம் நாள் தலைவலி, மூளையில் ரத்தக்கட்டு. பதினாறாம் நாள் போய்ச் சேர்ந்தாள். ஊசியால்தானா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பின் வரும் விளைவைப் பதிவு செய்கிற படிவத்தை யாரும் நிரப்பவில்லை. "ஏனுங் மாப்ள, இதை ஆருகிட்டப் போயிக் கேக்கறது?" என்றார். உங்கள் பத்திரத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

ஊசியால் மகள்களை இழந்ததாகச் சொல்லும் இரண்டு குடும்பங்கள் போட்ட வழக்கில் நீங்கள் கொடுத்த பதில் அது. ஊசி போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அரிதாக நேரும் சாவுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். சாரம் மூன்றே வரி. எங்கள் பக்கத்து டெலிவரி சலான்கூட இதைவிட நீளம்.

கட்டாயம் இல்லை என்பது உண்மைதானுங்க. கம்பெனி பஸ்ஸில் ஏற சர்டிபிகேட் கேட்டார்கள். ஏறாமல் இருக்கிற சுதந்திரம் அந்தப் பிள்ளைக்கு இருந்தது. வாரக் கூலி வாங்காமல் இருக்கிற சுதந்திரமும் இருந்தது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு எங்கள் ஊரில் ரெண்டாவது டோஸ் முடித்து மூன்றாவதற்குக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார்கள்.

சரி, சிவில் கோர்ட். காங்கயத்தில் வக்கீலைப் பார்த்தோம். தப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டும் என்றார். ஆடு மேய்த்து, தறி ஓட்டி, மகளைப் புதைத்த மனுஷன் கோவிஷீல்டு செய்த புனே தொழிற்சாலையின் தவறை காங்கயத்தில் நிரூபிக்க வேண்டும். பத்து லட்சம் கேட்டால் நூற்றுக்கு மூன்று வீதம் முப்பதாயிரம் கோர்ட் பீஸ். இதெல்லாம் போகட்டும். இறந்தவர் சார்பில் கேட்பதற்கு இருக்கிற சட்டம் 1855இல் வெள்ளைக்காரன் போட்டது. அதற்குக் கெடு இரண்டு வருஷம். கொரோனா காலத்தை 2022 பிப்ரவரி 28 வரைக்கும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தயவு செய்திருந்தது. மார்ச் 1இலிருந்து எண்ணினால் போன பிப்ரவரியோடு கெடு முடிந்தது. அதே பிப்ரவரியில்தான், இந்த ஊசி மிக மிக அரிதாக ரத்தக்கட்டுக் கோளாறை உண்டாக்கலாம் என்று லண்டன் கோர்ட்டில் இதை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா எழுதிக் கொடுத்ததாம். சேதி எங்கள் ஊர்ப் பேப்பருக்கு வந்தது ஏப்ரல் கடைசியில். கதவு சாத்தின பிறகு சாவி வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் வட்டமலைக்கரை ஓடையில் ஓர் அணை உண்டு. கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் மட்டும் இல்லாமல் கிடந்தது. நீங்கள் கைகாட்டிய கோர்ட்டைப் பார்த்ததும் அந்த ஞாபகம்தான் வந்தது.

எங்கள் தொழிலில் ஏக்யூஎல் இரண்டரை என்று ஒன்று சொல்வார்கள். எவ்வளவு நல்ல கம்பெனி தைத்தாலும் நூற்றுக்கு ரெண்டு ரெண்டரை பீஸ் பழுதாகத்தான் வரும் என்று பையரே ஒத்துக்கொண்டு ஆர்டர் போடுகிற கணக்கு அது. ஒத்துக்கொண்டதால் கட்டிங்கிலேயே நாலு பீஸ் கூட வெட்டி வைப்போம். பழுது வரும் என்று தெரிந்தும் கூடுதலாக வெட்டாதவனை எங்கள் ஊரில் தொழிலுக்கு லாயக்கில்லாதவன் என்பார்கள். உங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. 2021 மே மாதமே கோவிஷீல்டு போட்ட 26 பேருக்கு ரத்தக்கட்டு வந்திருக்கலாம், பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்று நீங்களே அறிக்கை விட்டீர்கள். புள்ளிக்குப் பிறகு ரெண்டு இலக்கம் வரைக்கும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குடும்பங்களுக்கென்று ஒரு ரூபாய் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? செக்கிங்காரன் சும்மா இருப்பானா, போட்டுப் பார்த்தேன். உங்கள் பத்திரப்படி 2022 நவம்பர் 19 வரை 219.86 கோடி டோஸ். சாவு உட்படக் கடுமையான விளைவு என்று பதிவானது 2,782. இதில் பாதிக்கு மேல் தற்செயலாகவே இருக்கட்டும். விசாரணை வேண்டாம், கமிட்டி வேண்டாம், அத்தனை பேருக்கும் தலைக்குப் பத்து லட்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலும் 278 கோடி. டோஸுக்கு வகுத்தால் ஒரு ரூபாய் இருபத்தேழு பைசா. பனியனில் கழுத்துக்குப் பின்னால் கடிக்கிற லேபிளைத் தைத்துக் கொடுக்கக்கூட அந்த விலைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லேபிள் என்றதும் இன்னொன்று. ஒரே துணி, ஒரே பேட்டர்ன். ஒரு பெட்டியில் ஒரு பிராண்ட், அடுத்த பெட்டியில் வேறு பிராண்ட். திருப்பூரில் இது தினப்படி. அஸ்ட்ராஜெனெகா ஊசியில் வாக்ஸ்செவ்ரியா என்று லேபிள் ஒட்டினால் பிரிட்டனில், 1979ஆம் வருஷச் சட்டப்படி, ஊசியால் வந்த சாவு என்று ஏற்றுக்கொண்டால் குடும்பத்துக்கு 1,20,000 பவுண்டு. யார் தப்பு என்று கேட்பதில்லை. நம் காசுக்கு ஒரு கோடிக்கு மேல். அதே சரக்கில் கோவிஷீல்டு என்று லேபிள் ஒட்டினால் காங்கயம் கோர்ட்டுக்கு பஸ் டிக்கெட். அமெரிக்காக்காரன் 1980களிலேயே டோஸுக்கு இவ்வளவு என்று வரி பிடித்துத் தனி நிதி வைத்துவிட்டான். கொரோனா ஊசியை மட்டும் அவனும் அதற்குள் விடாமல் கஞ்சத்தனமான வேறொரு திட்டத்தில் தள்ளினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் ஒன்றும் தர்மராஜா இல்லை.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. கரூர் ரோட்டில் லாரி அடித்துச் செத்தால், தப்பு யாருடையது என்று கேட்காமல் ஐந்து லட்சம் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. மிஷினில் கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு முப்பது இழப்பு என்று 1923ஆம் வருஷச் சட்டத்தில் அட்டவணையே போட்டு வைத்தார்கள். கொரோனாவில் செத்தால் 50,000 கொடுத்தீர்கள். கொரோனா வரக்கூடாது என்று நீங்கள் கூப்பிட்டதை நம்பி வந்து செத்தால் மட்டும் கணக்குத் தலைப்பே இல்லை.

கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2020இல் கோவிஷீல்டு பரிசோதனையில் சேர்ந்த சென்னைக்காரர் ஒருவர், நரம்புக் கோளாறு வந்ததாகச் சொல்லி ஐந்து கோடி கேட்டு நோட்டீஸ் விட்டார். ஊசிக்குச் சம்பந்தமில்லை, எங்கள் பேரைக் கெடுக்கிறார், நூறு கோடிக்கு மேல் கேட்போம் என்றது கோவிஷீல்டு தயாரித்த சீரம் நிறுவனம். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நஷ்டம் கேட்டு டெபிட் நோட் போட்டவனுக்கே இருபது மடங்கு டெபிட் நோட் போடுகிற தைரியம் திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட்டருக்கும் கிடையாது. 2022 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், மூன்று மாதத்தில் இழப்பீட்டுக்கு நெறிமுறை வகுக்கச் சொன்னது. நீங்கள் உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கினீர்கள். கோர்ட்டுக்குப் போங்கள் என்று எங்களுக்குச் சொன்னதன் அருமை அப்போதுதான் புரிந்தது. போகத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த மாதம் சர்டிபிகேட்டைத் திறந்து பார்த்தேன். பிரதமர் படத்தைக் காணோம். லண்டன் சேதி வந்த அதே வாரம். ஊரில் கண்டபடி பேசினார்கள். நான் உங்கள் குழுவின் பாஷையிலேயே விளக்கினேன்: காலம் ஒத்துப்போகிறது, காரணத் தொடர்பு இல்லை, தேர்தல் நடத்தை விதி, ஆகவே தற்செயல். நம்பவில்லை. இந்தப் படிவத்தையாவது யாராவது நிரப்பினார்களா என்று மச்சான் கேட்டார்.

என் பங்கை நான் கட்டிவிடுகிறேன். எனக்கு ரெண்டு டோஸ், வீட்டுக்காரிக்கு ரெண்டு டோஸ், ஆக ஐந்து ரூபாய் எட்டு பைசா. ஐந்து ரூபாய்க்குத் தபால் தலை இணைத்திருக்கிறேன். பாக்கி எட்டு பைசாவுக்கு அமைச்சகம் காங்கயம் சிவில் கோர்ட்டை அணுகலாம்.

இப்படிக்கு,
ரெண்டு டோஸ் போட்ட ஒரு ஜாப் ஒர்க்காரன்