நாய் வாத்தியார்

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா பொய் எதுவும் சொல்லவில்லை. “பையன் டிரெயினிங் குடுக்கான்” என்று மட்டும் சொன்னார். பெண் வீட்டில் அதை டீச்சர் டிரெயினிங் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“எத்தனை பேரு படிக்காங்க தம்பி?” என்று கேட்டார், பின்னால் எனக்கு மாமனார் ஆனவர்.

“இப்போதைக்கு ஏழு.”

“கம்மியா இருக்கே?”

“ரெண்டு கடிக்கும். அதுக்கு மேல ஒத்த ஆளா சமாளிக்க முடியாது.”

எப்படியோ கல்யாணம் நடந்துவிட்டது. பெண்ணுக்கும் நாய் பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சங்கரன்கோவிலில் பிறந்தவன் ஒன்று விசைத்தறிக்குப் போகவேண்டும், அல்லது படித்து வெளியூர் போகவேண்டும். நான் தெருநாய்க்குப் பின்னால் போனேன். ஊரே பிரியாணிக்குப் பேர்போனது. வீட்டில் பார்சல் பிரித்தால் எலும்பெல்லாம் என் கணக்கில் தெருவுக்குப் போய்விடும். வேகவைத்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து நாயின் குடலைக் குத்தும் என்று தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி, செத்துப்போன மணியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மணி எங்கள் தெரு நாய்.

ஊர் இருக்கும் இடம் அப்படி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ராஜபாளையம். சிப்பிப்பாறையும் தூரமில்லை. வேறு ஊர்க்காரர்கள் நாய்க்கு ஊர்ப்பேர் கேட்பார்கள். எங்களுக்கு ஊர்ப்பேரைச் சொன்னாலே நாய்தான் ஞாபகம் வரும். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. பேப்பரில் படித்த அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நாய்க்கே ஸ்டாம்பு போட்டுட்டான். ஒனக்கு ஒரு இன்டர்வியூ கார்டு வரமாட்டேங்கு.”

முதல் காசு தந்ததும் ஒரு ராஜபாளையம்தான். பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, ஆறு மாதக் குட்டி. “சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கு, திமிரு பிடிச்ச சவம்” என்றார் சொந்தக்கார அண்ணாச்சி. நானும் ஒரு வாரம் “சிட், சிட்” என்று கத்தினேன். பக்கத்துத் தறிக்கூடத்துச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். ஜமீன்தார் மாதிரி அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. எட்டாம் நாள், அது தூங்கிக்கொண்டிருந்தபோது வேலைக்கார அக்கா கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் நழுவியது. நான் துள்ளி எழுந்தேன். அண்ணாச்சி வேட்டியெல்லாம் காப்பி. நாய் மட்டும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

கேக்க மாட்டேங்கு என்று அண்ணாச்சி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் வேண்டும். சில வெள்ளை நாய்களுக்கு அவை அங்கே இல்லாமல் போய், பிறவியிலேயே காது கேட்காது. வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினேன். மூன்றே நாளில் உட்கார்ந்தது. காது கேட்காத நாய் சொன்ன பேச்சு கேட்கிறது என்று ஊரில் பேச்சாகி, வீட்டு வாசலுக்கு நாய்கள் வரத் தொடங்கின.

நாய்க்குப் பாடம் சுலபம். சொன்னதைச் செய்த மறுநொடி தின்பண்டம் வாய்க்குப் போகவேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. கஷ்டமெல்லாம் வீட்டு மனுஷர்களிடம்தான். நாய்க்குத் தமிழ் தெரியாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ! அப்பா “சிட்” என்பார். மகன் “சிட் டவுன்” என்பான். அம்மா “ஒக்காரு மூதி.” பைரவர் வாகனம் என்பதால் ஆச்சி மட்டும் “உக்காருங்க சாமி” என்பாள். நாய் நாலு பேரையும் பார்த்துவிட்டு வெளியே போய்விடும். நாய்க்கு ஒரு மாதம் என்று நான் வாங்கும் சம்பளத்தில் மூன்று வாரம் இவர்களுக்கே சரியாகிவிடும்.

இருந்த இடத்தில் இருக்கப் பழக்குவதற்கு எங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டு: தபசு. கோமதியம்மன் ஒற்றைக்காலில் தபசு நின்ற ஊரில் வேறென்ன பெயர் வைப்பது? பிஸ்கட்டை முன்னால் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பேன். ராஜபாளையம் தாங்கும். சிப்பிப்பாறை, கண்ணில் பட்டதைத் துரத்தவே பிறந்தது. பூனை ஒன்று குறுக்கே போனால் தபசும் போச்சு, என் தோள்பட்டையும் போச்சு.

போன மாதம் மாமனாரே ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். “மாப்ள, இதையும் ஒங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடுங்க.” முதல் பாடம். சத்தம் போடாமல் கையைத் தூக்கினேன். மாமனார் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். குட்டி அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நின்றபடியே வாலை ஆட்டியது.

கையில் பிஸ்கட் தயாராக இருந்தது. மரியாதை கருதி அவருக்கு நீட்டவில்லை.