காரையை எடுத்தால் பல்லில் சந்து விழுமா?

கேள்வி: ஈறு நோய்க்குக் கத்தி வைக்காமல், ஈறுக்கடியில் வேர்வரை சுத்தம் செய்து அனுப்பிவிட்டார் டாக்டர். இப்போது பல் கூசுகிறது, நடுவே சந்து தெரிகிறது. சீக்கிரம் ஆற என்ன வழி?
– வாசகர், ஈரோடு

பதில்: சந்து புதிதல்ல. பல வருடமாக அங்கே காரை வாடகை தராமல் குடியிருந்தது. காலி செய்ததும் இடம் தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவது ஆறுவதன் அடையாளம். கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அந்தச் சந்துக்கென்றே குட்டி பிரஷ் விற்கிறார்கள், தினமும் நுழைத்து எடுங்கள்.

பீடி, சிகரெட் உண்டா? நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆறுவதைத் தாமதப்படுத்தும். ரத்தக் கசிவையும் மறைக்கும். ஆகவே, ‘எனக்கு ரத்தமே வராது’ என்று புகைப்பவர்கள் மீசை முறுக்க வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் ஆறுவது தாமதமாகும். ஈறு ஆறினால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் கொஞ்சம் இறங்குவதுண்டு. டாக்டர் இதற்குத் தனி பில் போடமாட்டார்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை மட்டும் கொப்பளியுங்கள். ஆசைப்பட்டு மாதக்கணக்கில் நீட்டினால் பல் பழுப்பாகும். டீ பிரியர்களுக்கு இன்னும் சீக்கிரம். உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், காரையைக் கரைக்காது.

இரண்டு மூன்று மாதத்தில் டாக்டர் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பைகளின் ஆழத்தை அளப்பார். 4 மி.மீ.க்குள், கசிவில்லாமல் இருந்தால் நிம்மதி. 6 மி.மீ.யைத் தொட்டால் கத்திப் பேச்சு வரலாம்.