தேக்காவில் டேட்டாபேஸ் வைக்கச் சில வழிகள்

லேப்டாப்பை சிம் லிம் ஸ்குவேரில் வாங்குவதா முஸ்தபாவில் வாங்குவதா என்று ஒரு மாதம் அலையுங்கள். அதில் எதைச் சேமிக்கப் போகிறோம் என்று மட்டும் யோசிக்க வேண்டாம்.

அடுத்தது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். நேரடியாக ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டு, அதை மறந்து, டாக்கரிலும் ஒன்றை ஏற்றுங்கள். இரண்டும் 5432ஆம் போர்ட்டுக்குத்தான் வரும். ஒரே கடைக்கு இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கியதுபோல, பின்னால் வந்தவர் வாசலில் நின்று கத்துவார். உள்ளே இருப்பது யார் என்று பார்க்காதீர்கள். லேப்டாப்பை அணைத்துப் போடுங்கள். பழையவர் முதலில் எழுந்து மறுபடி அங்கேயே உட்கார்ந்துகொள்வார். டாக்கரில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்ப்பதும் வீண் வேலை. சேர்க்காவிட்டால், காப்பிக்கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரரும் உங்கள் டேட்டாபேஸ் கதவைத் தட்டலாம்.

அவர் சிரமப்படாமல் உள்ளே வர, பாஸ்வேர்ட் சுலபமாக இருக்கட்டும். 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவுபோயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குடையவையும் அதில் அடக்கம். விசாரணைக் குழு தோண்டியபோது, ஒரு சர்வரின் நிர்வாகக் கணக்குக்கு 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையே, ஓர் எழுத்துக்கு @, இன்னொன்றுக்குச் சுழியம் என்று மாற்றி வைத்திருந்தது தெரிந்தது. மறு ஆண்டு சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினி அமைப்பைக் கவனித்த நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம். இவ்வளவு செலவு செய்து சோதிக்கப்பட்ட பாஸ்வேர்ட் வேறு கிடைக்காது, தயங்காமல் வையுங்கள். சோதனைக்குப் பொய்த் தரவு தயாரிப்பதும் அலுப்பு. அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை அடையாள அட்டை எண்ணோடு இறக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் திறமையெல்லாம் தெரிய வேண்டிய இடம் பெயர்களுக்கான டேபிள். அமெரிக்கப் பாடக் காணொளியில் காட்டியபடி முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். இந்த ஊரில் சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். மலாய்க்காரர் பின், பிந்தி என்று தகப்பன் பெயரைச் சேர்ப்பார். நம்மவர் அடையாள அட்டைகளில் எஸ்/ஓ, டி/ஓ. அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் 'செல்லாத குறி' என்று படிவம் சிவக்கட்டும். அவசரத்தில் கோட்டை எடுத்துவிட்டு எழுதினால், அப்பா குடும்பப் பெயர் ஆகிவிடுவார். மகளுக்குப் போகும் மின்னஞ்சல் அப்பாவின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வைக்கும்.

பெயரைத் தமிழிலேயே எழுதுகிறேன் என்று யாராவது அடம்பிடித்தால், போஸ்ட்கிரஸை விட்டுவிட்டு, 8.0க்கு முந்தைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைத் தேடிப் பிடியுங்கள். அதன் இயல்பான எழுத்துக் குறியீடு லத்தீன்1. அதன் கண்டிப்பு முறையையும் (strict mode) தளர்த்திவிட்டு நீங்கள் தமிழை அனுப்ப, அது கேள்விக்குறிகளாகச் சேமித்து வைக்கும். 1997இல் தமிழ் இணைய முன்னோடி நா. கோவிந்தசாமி முன்நின்று இதே ஊரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியதே ஆளுக்கொரு குறியீட்டுக் குழப்பம் தீரத்தான். அதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம்.

இடத்திலும் சிக்கனம் தேவை. பத்து எழுத்து என்று வரம்பு போடுங்கள். 'சிங்கப்பூர்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடுக்குப் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக, மொத்தம் 11 குறிகள், யூடிஎஃப்8இல் 33 பைட். கண்டிப்பு தளர்த்திய மைஎஸ்கியூஎல் கடைசிப் புள்ளியை நறுக்கி, 'சிங்கப்பூர' என்று பத்தில் முடித்துவிடும். எச்சரிக்கை ஒன்றும் கொடுக்கும். அதை யார் படிக்கிறார்கள்!

இத்தனையும் கேட்ட பிறகும் ஒழுங்காகத்தான் செய்வேன் என்பவர்களுக்கு: பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், நீளமாக. மைஎஸ்கியூஎல் என்றால் குறியீடு யூடிஎஃப்8எம்பி4. முதல் வரிசையில் 'டெஸ்ட்1' என்று அடிக்காமல், உங்கள் பாட்டியின் முழுப் பெயரைத் தமிழில் சேமித்து, திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் அடுத்த வரிசைக்குப் போகாதீர்கள்.