ஐந்தாவது ஆப்ஷன்

தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் தருவார்கள். சித்தப்பாவுக்கு அவை போதாது. ஏ, பி, சி, டி நான்கையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "கேள்வியே தப்பு" என்பார். அதை லாக் செய்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

சித்தப்பா என்பது ஒரு வசதிக்காக. உங்கள் வீட்டில் இவர் பெரியப்பாவாகவோ தாய்மாமாவாகவோ இருக்கலாம். சம்பந்தியாக வாய்த்துவிட்டால் இன்னும் விசேஷம், எதிர்த்துப் பேசவும் முடியாது. அடையாளம் சுலபம். ஊரே ஒரு தொகுப்பாளரைத் தலையில் தூக்கி வைத்து ஆடும்போது இவருக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஊர் அவரை இறக்கிவிட்டு அடுத்தவரைத் தூக்கும்போது, இறங்கியவர்மீது இவருக்குப் பாசம் பொங்கும்.

2000இல் அமிதாப் பச்சன் இந்தியில் கோடி ரூபாயைக் காட்டிக் கேள்வி கேட்க ஆரம்பித்த சூட்டோடு, இங்கே சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்த வந்தார். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தது. "ஜிம்முக்குப் போற ஆளக் கூட்டியாந்து ஜி.கே. கேக்க வெச்சிருக்கான்" என்றார் சித்தப்பா. 2012இல் விஜய் டிவியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' தொடங்கியது, சூர்யா வந்தார். "சரத்குமார் உக்காந்தா அந்த நாற்காலிக்கே ஒரு கம்பீரம் இருக்கும். இந்தத் தம்பி, ஆட வந்தவனைவிட அதிகமாப் பயப்படுது." அடுத்த ஆண்டு பிரகாஷ்ராஜ். "சூர்யாகிட்ட ஒரு பணிவு இருந்துச்சுப்பா. இவரு கேள்வி கேக்கறாரா, வட்டி வசூல் பண்றாரா?" 2016இல் அரவிந்த்சாமி. "பிரகாஷ்ராஜ் கேட்டா கேள்விக்கே ஒரு கனம் வரும். இவரு கேக்கறது, 'உங்களுக்கு லோன் கிடையாது'ன்னு மேனேஜர் மரியாதையா சொல்ற மாதிரி இருக்கு."

அதாவது அவருடைய ரசனை எப்போதும் ஒரு சீசன் தாமதமாக ஓடும். இதை ஒருமுறை தங்கச்சி மகள் கண்டுபிடித்துவிட்டாள். பரீட்சை பண்ணிப் பார்க்க, "நீங்க சொல்றதுதான் சரி, பிரகாஷ்ராஜ் மாதிரி வராது" என்றாள். மனிதர் அடிபட்டவர்போலத் திரும்பினார். "யாரு சொன்னா?"

கருத்து ஜெயிப்பதில் அவருக்கு விருப்பமே இல்லை. கூட ஓர் ஆள் சேர்ந்துவிட்டால் அந்தக் கருத்தில் நெரிசல் வந்துவிடுகிறது. எழுந்து வேறு இடம் பார்க்கிறார்.

ஆனால் வெறும் குதர்க்கம் என்று இவரை ஒதுக்கிவிடவும் முடியாது. பாதி நேரம் சரியாகச் சொல்லித் தொலைக்கிறார். அதுதான் தாங்க முடியாத பகுதி.

தமிழ்த் தொலைக்காட்சி கண்ட தலைசிறந்த தொகுப்பாளர் யார் என்று கேளுங்கள். நமக்குக் குஷ்பு, ரம்யா கிருஷ்ணன் என்று பெயர்கள் வரும். சித்தப்பா, "டீலா நோ டீலாவுல வந்த பேங்கர்" என்பார். சன் டிவியில் ரிஷி நடத்திய அந்த ஆட்டத்தில் பேங்கர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. போன் அடிக்கும், ஒரு தொகை வரும், அவ்வளவுதான். "கட்டிப் புடிக்கிறதில்ல, கண் கலங்குறதில்ல, 'உங்க ஊர்ல என்ன ஃபேமஸ்'னு கேக்கறதில்ல. வேலையை மட்டும் பாத்தான் பாரு." பிக் பாஸ் விஷயத்திலும் இதே கட்சிதான். கமல்ஹாசனா விஜய் சேதுபதியா என்று வீடு இரண்டாகப் பிளந்து கிடந்தபோது, அந்த அசரீரிக் குரல்தான் நிகழ்ச்சியை நடத்துகிறது, மற்றவர்கள் எல்லாம் வார இறுதி விருந்தாளிகள் என்று மூன்றாவது கட்சி தொடங்கினார். இன்றுவரை உறுப்பினர் அவர் ஒருவர்தான்.

டீலா நோ டீலாதான் இருப்பதிலேயே நேர்மையான போட்டி என்றும் ஒரு கொள்கை வைத்திருக்கிறார். படித்தவர்கள் அதைக் கேலி செய்த காலம் உண்டு. கேள்வியும் கிடையாது, அறிவும் கிடையாது, பெட்டியைத் திறப்பதற்கு ஒரு நிகழ்ச்சியா என்று. "அதனாலதான் நேர்மை. அதிர்ஷ்டத்தை அதிர்ஷ்டம்னு சொல்லி விக்கிறான். மத்தவன் அதிர்ஷ்டத்துக்கு அறிவுன்னு லேபிள் ஒட்டி விக்கிறான்." யோசித்தால் உண்மைதான். நெதர்லாந்தில் பிறந்த அந்த ஆட்டத்தை வைத்து, ரிச்சர்ட் தாலர் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், மனிதன் ரிஸ்க் எடுக்கும் விதத்தைப் பற்றி 2008இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். தாலர் பிற்பாடு நோபல் பரிசும் வாங்கினார். இதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஓர் ஆய்வாளர் தன் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்தால் பேங்கரைக் கைவிட்டுவிடுவார்.

இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன் ஒருநாள் மடக்கப் பார்த்தான். கடைசியில் இரண்டு பெட்டி மிஞ்சும்போது கையில் இருப்பதை மாற்றிக்கொண்டால் ஜெயிக்கும் வாய்ப்பு கூடும், அமெரிக்காவில் மாண்டி ஹால் என்று ஒரு தொகுப்பாளர் பெயரில் கணக்கே இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று காகிதத்தில் போட்டுக் காட்டினான். சித்தப்பா காகிதத்தைத் தொடவில்லை. "கட்டினவளையும் எடுத்த பெட்டியையும் மாத்தக் கூடாதுடா." பையன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் விஷயம் என்னவென்றால், மாண்டி ஹால் புதிரில் கார் எந்தக் கதவுக்குப் பின்னால் என்று நடத்துபவருக்குத் தெரியும், அவர் தெரிந்தே காலிக் கதவைத் திறப்பார், அதனால்தான் மாற்றினால் லாபம். டீலா நோ டீலாவில் ஆடுபவரே குருட்டாம்போக்கில் திறக்கிறார். மாற்றினாலும் ஒன்றுதான், மாற்றாவிட்டாலும் ஒன்றுதான். காகிதத்தில் போட்ட பையன் தோற்று, கல்யாணத்தை இழுத்தவர் ஜெயித்தார்.

'கையில் ஒரு கோடி' வந்தபோது ஒரே வாரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். முதலிலேயே கோடி ரூபாய்க் கட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டு, தப்பான விடைமேல் வைத்த பணம் ஓட்டைக்குள் விழுவதைப் பார்க்கவிடும் ஆட்டம் அது. "இதுக்கு எதுக்குடா டிவி? ஒண்ணாந்தேதி என் சம்பளத்தைப் பாரு, பத்தாந்தேதி என்னைப் பாரு."

அழுகை அவருக்கு ஆகாது. போட்டியாளரின் அப்பா பட்ட கடனையும் ஒழுகும் கூரையையும் வயலின் பின்னணியில் காட்டிவிட்டு, இரண்டாயிரம் ரூபாய்க் கேள்விக்கு வருவது அவருடைய பார்வையில் கொடுமை. "கஷ்டத்தையும் காட்டச் சொல்லிட்டு, அதுக்கப்பறம் பாஸாகவும் சொன்னா எப்படி? ஒண்ணு உதவி பண்ணு, இல்ல கேள்வி கேளு." 2020 ஜனவரியில், கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில், காது கேளாத, வாய் பேச முடியாத மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி வென்றார். அன்றைக்கு மட்டும் சித்தப்பாவும் கை தட்டினார். வீட்டார் ஆச்சரியமாகப் பார்த்ததும் சுதாரித்துக்கொண்டார். "முதல் ரூபாயிலேர்ந்து முப்பது பெர்சென்ட் வரி. அடிப்படை விலக்கு கிடையாது, எண்பது சி கிடையாது, மேல சர்சார்ஜ், செஸ். கைக்கு எழுபது லட்சம்கூட வராது. செக்குல மட்டும் ஒரு கோடின்னு எழுதிக் காட்டறான்." கணக்கு சரியாகத்தான் இருந்தது. கொண்டாட்டத்துக்கு நடுவில் சரியான கணக்குச் சொல்பவரை என்ன செய்வது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

ஜெயா டிவி 'ஜாக்பாட்' பற்றி இவர் வைத்திருக்கும் கருத்தைப் பெண்கள்கூட ஏற்றுக்கொள்வார்கள், அதனால் வெளியே சொல்வதில்லை. அதில் கேட்ட ஒரு கேள்வியாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? குஷ்புவின் ரவிக்கை ஞாபகம் இருக்கும். கழுத்து டிசைன் முதற்கொண்டு தையல்கடை வரை போய்ச் சேர்ந்தது. "பரிசு ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், ரவிக்கை ஊருக்கே கிடைச்சுது" என்பது சித்தப்பாவின் மதிப்பீடு. மக்கள் தொலைக்காட்சியின் 'தமிழ் பேசு தங்கக் காசு'தான் தலைசிறந்த கான்செப்ட், சிம்பிள் ஃபார்மேட், ஜீரோ டிராமா என்று அவர் புகழ்ந்த அழகைக் கேட்டிருந்தால், தங்கக் காசு முதல் வாக்கியத்திலேயே ஓடிப்போயிருக்கும்.

இத்தனை பேசுகிறவர் விடை மட்டும் சொல்லமாட்டார். தொகுப்பாளர் லாக் செய்து, திரையில் பச்சை எரிந்த பிறகு, "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பார். வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு இது பிடிபட்டது. விடை சொன்னால் தப்பாகிவிடலாம், பேரப்பிள்ளைகள் முன்னால் மானம் போகும். கருத்துக்குப் பச்சையும் கிடையாது, சிவப்பும் கிடையாது. போட்டி நிகழ்ச்சி பார்க்கும் வீட்டில் ஆபத்தில்லாத ஒரே ஆசனம் விமர்சகருடையது.

அந்த வீட்டில் விடை தெரிந்தவர் சித்தி. பத்தாவதோடு நிறுத்தப்பட்டவர். மூன்று பிள்ளைகளுக்கும் பாடம் ஒப்பிக்கக் கேட்டுக் கேட்டே ஆறிலிருந்து பத்துவரை சமூக அறிவியல் முழுக்க அவர் நாக்கில் இருக்கிறது. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரை எந்த ஊரிலிருந்து புறப்பட்டது என்று கேள்வி வந்தால், அடுப்படியிலிருந்து "திருச்சி" என்று குரல் வரும். திருச்சியிலேயே பிறந்து வளர்ந்த சித்தப்பா அப்போதுதான் அந்தக் கேள்வியில் என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

பார்வையாளர் கருத்துக் கேட்கும் லைஃப்லைனையும் சித்தப்பா நம்புவதில்லை. 'கோடீஸ்வரன்' போட்டியின் அமெரிக்க வடிவத்தில் அரங்கத்து ஜனங்கள் 91 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், போனில் கேட்ட கெட்டிக்கார நண்பர்கள் 65 சதவீதம்தான் என்று ஒரு புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "அந்த ஜனங்கதானே ஓட்டும் போடுறாங்க?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அவர் மனதாரப் பாராட்டிய ஒரே போட்டியாளர் ஒரு வெள்ளைக்காரர். சார்லஸ் இங்கிராம் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர். 2001இல் அதே போட்டியின் மூலமான பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் பத்து லட்சம் பவுண்டு வரைக்கும் போனார். அவர் விடைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போது, சரியான விடை வந்தால் அரங்கில் காத்திருந்த இன்னொரு போட்டியாளர் இருமினார் என்று வழக்கு. பரிசு கிடைக்கவில்லை, 2003இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. "எல்லாரும் அறிவை வெச்சு ஆடினாங்க, இவன் ஒருத்தன்தான் ஆட்டத்தையே ஆடினான்" என்று சித்தப்பா உருகினார்.

அந்த வாரமே, பழைய எபிசோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது, சித்தி அடுப்படியில் வத்தக்குழம்புக்கு மிளகாய் தாளித்தார். நெடியில் இருமல் வந்தது. தொகுப்பாளர் அப்போது "ஆப்ஷன் சி" படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா நிமிர்ந்தார். "சி" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, பச்சை எரிவதற்கு முன்னால். சரியாக இருந்தது.

அப்புறம் அவர் சரமாரியாக விடை சொல்ல ஆரம்பித்தார். தாளிக்கிற நேரமாகப் பார்த்து டிவியைப் போட்டார். பேரப்பிள்ளைகள், "தாத்தாவுக்கு எல்லாம் தெரியுது பாட்டி" என்று ஓடிவந்து சொன்னபோது சித்தி, "அப்படியா கண்ணு" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் இல்லாத பால் பாயசத்துக்கும் இருமல் வருகிறதே என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் மகன், அம்மா ஓயாமல் இருமுகிறாரே என்று சமையலறையில் சிம்னி வாங்கிப் பொருத்தினான். நெடியே கிடையாது, சத்தமும் கம்மி, தெருவில் இரண்டு பேர் வந்து விலை கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. சித்தப்பாவுக்கு மட்டும் அதில் உடன்பாடில்லை.