தைக்குள்ள பால் காய்ச்சணுமாமா!

வாங்க மாப்ளே, வாங்க. இப்படித் திண்ணையிலயே உக்காருங்க, உள்ளே வேண்டாம். உள்ளேயிருந்து டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருதே, அதைக் காதுல வாங்காதீங்க. அது பாட்டுக்கு அது.

கார்த்திகை எட்டாந்தேதி வாஸ்து பார்த்து பூமி பூசை போட்டுட்டீங்களாம். தை முடியறதுக்குள்ள பால் காய்ச்சிருவீங்களாம். என்ற அண்ணன் மக போன்ல சொன்னா. நானும் விரலை மடக்கிப் பார்த்தேன், எண்பது நாள்தான் வருது. கோயமுத்தூர்ல உங்க சிநேகிதரு அத்தனை நாள்ல கட்டினாராமே, நெம்ப சந்தோசம். அங்க சிமெண்டு வேலை செய்யும். இங்க ஊட்டி, 2,240 மீட்டர் ஒசரம். சிமெண்டும் கம்பளியைப் போத்திட்டுப் படுத்துக்கும்.

வாஸ்து பகவான் எப்போ கண்ணு முழிப்பாருன்னு பஞ்சாங்கம் பார்த்தீங்க. உங்க மனைக்குச் சூரிய பகவான் எத்தனை மணிக்கு வருவாருன்னு பார்த்தீங்களா? எங்கே பார்த்திருப்பீங்க! மே மாசம் பூக்காட்சிக்கு வந்தீங்க, புரோக்கர் பள்ளத்துல பச்சைப்பசேல்னு ஒரு இடத்தைக் காட்டினாரு, அட்வான்ஸ் குடுத்துட்டீங்க. மே மாசத்துல இந்த ஊர்ல சுடுகாடு கூட அழகாத்தான் இருக்கும்.

மார்கழி பொறக்கட்டும். விடியக்காலம் ஆறு மணிக்கு மனையில வந்து நில்லுங்க. ஐப்பசி, கார்த்திகையில விழறது நீர்ப்பனி. அதுக்குப் பொறவு வானம் தெளிஞ்ச ராத்திரியில விழுது பாருங்க, அது உறைபனி. குளுந்த காத்து கனமானது, மாப்ளே. மேட்டுலருந்து தண்ணியாட்டம் சரிஞ்சு வந்து பள்ளத்துலதான் தேங்கும். புல்லு மேல உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளையாக் கெடக்கும். ஒம்போது மணிக்கு வெயில் வந்தப்புறமும் எந்த மூலையில கடைசி வரைக்கும் வெள்ளை நிக்குதோ, அங்க ஒரு குச்சியை நடுங்க. உங்க பிளானை நானும் பார்த்தேன். மாஸ்டர் பெட்ரூமை அச்சு அசலா அந்த மூலையிலதான் போட்டிருக்கீங்க. ஃபிரிட்ஜ் செலவு மிச்சம்.

தோடருங்க மந்துல, அதான் அவங்க குடியிருப்புல, பழைய வீட்டைப் பார்த்திருக்கீங்களா? பீப்பாயைப் பாதியா அறுத்துக் கவுத்த மாதிரி இருக்கும். மண்டி போட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போகணும், வாசல் அத்தனை சின்னது. குளுரும் காட்டு மிருகமும் குனிஞ்சு வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். உங்களுக்கோ எட்டடியில கண்ணாடிக் கதவு! யானையே நிமுந்து வரலாம்.

சரி, கான்கிரீட்டுக்கு வருவோம். உங்க மேஸ்திரி, "ஏழாம் நாள் சென்ட்ரிங்கைப் பிரிச்சரலாம்"னு சொன்னாராமே. தப்பில்லீங்க. ஐ.எஸ். 456-ன்னு இன்ஜினியருங்க வெச்சிருக்கற புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு: நாலரை மீட்டர் வரைக்கும் தளத்துக்கு முட்டு ஏழு நாள், அதுக்கு மேலன்னா பதினாலு நாள். ஆனா 15 டிகிரிக்குக் கீழ எறங்காத ஊருக்குத்தான் அந்தக் கணக்கு. மார்கழி ராத்திரியில இங்க 15 டிகிரி இருந்தா நான் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ஆடுவேன். குளுருல சிமெண்டு இறுகறது மெதுவாயிரும். புதுசா ஊத்தின கலவைக்குள்ள தண்ணி உறைஞ்சுதுன்னா நூத்துக்கு ஒம்போது பங்கு வீங்கும், உள்ளேயே நொறுக்கிரும். மேலே பார்த்தா ஒண்ணுமே தெரியாது. மாமியார் கோவம் மாதிரி, ஆறு மாசம் கழிச்சுத்தான் வெளியே வரும்.

அதனால நான் என்ன சொல்றேன்னா, ஏழாம் நாளே பிரிச்சுருங்க. ஹால்ல படுத்துட்டே நட்சத்திரம் எண்ணலாம்.

அந்த ஆசை இல்லீன்னா, காலையில பத்து மணிக்கு மேல ஊத்தச் சொல்லுங்க. கலக்கற தண்ணியைக் கொஞ்சம் சூடு காட்டிக்கங்க. பொழுது எறங்கறதுக்கு முன்னாடி வைக்கோலைப் பரப்பி மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிருங்க. கான்கிரீட்டு தன்னால சூடு விடும், அந்தச் சூடு ஓடிப்போகாம இருந்தாப் போதும். தாவரவியல் பூங்காவுல பூச்செடிக்கே பனி படாம மிலார்ச் செடியைப் போட்டு மூடறாங்க. உங்க வீடு அந்தப் பூச்செடியை விடக் கேவலமா? கீழ்நாட்டுல மாதிரி தளத்து மேல பாத்தி கட்டி ராத்திரியெல்லாம் தண்ணி நிறுத்தாதீங்க. விடிஞ்சதும் புள்ளைங்க சறுக்கி வெளையாடும்.

இன்னொண்ணு, இது கிண்டல் இல்ல. சிமெண்டு கொட்டாயில படுக்கற ஆளுங்க கதவைச் சாத்திட்டுக் கரியடுப்பு வெச்சுக்குவாங்க. விடக்கூடாது. அந்தப் புகையில தூங்கினபடியே போனவங்களை இந்த மலை நெறையப் பார்த்திருக்கு.

பின்னாடி மண்ணுத்திட்டை வேற வெட்டி நிறுத்தியிருக்கீங்க. 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை ஊத்துச்சு. அந்த மழையில மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. தடுப்புச் சுவத்துல தண்ணி வடியறதுக்கு ஓட்டை விடச் சொன்னா, "அசிங்கமா இருக்கும்"னு உங்க டிசைன்காரரு சொல்றாராம். சுவரு வந்து கட்டில்ல படுத்துக்கிட்டா நெம்ப அழகா இருக்கும்.

இங்க வந்து வீடு கட்டறதுல உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்காருங்க, ஜான் சலிவன் துரை. அவரும் உங்களாட்டம் கோயமுத்தூர்லருந்து வந்தவருதான், கலெக்டரு. 1819-ல கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்குல ஒரு பங்களா. அப்புறம் 1822-ல ஊட்டியில கல் பங்களா வேலையை ஆரம்பிச்சாரு. அது இன்னைக்கும் அரசு கலைக் கல்லூரி வளாகத்துல நிக்குது. ஆனா அவரு தைக்குள்ள பால் காய்ச்சணும்னு பத்திரிக்கை அடிச்சதாத் தெரியல.

நீங்க அடிச்சுட்டீங்களா? ஐயோ சாமி. மேஸ்திரிக்கும் ஒண்ணு குடுத்துருங்க. அவரு பொங்கலுக்குக் கீழ போனா மாசி பொறந்துதான் மலையேறுவாரு; பத்திரிக்கையைப் பார்த்தாவது ஞாபகம் வரட்டும்.

மழை வலுக்குது, சரி, உள்ளேயே வாங்க, காப்பி குடிக்கலாம். பார்த்து வாங்க, நடு ஹால்ல அந்த வாளியைத் தட்டி விட்டுராதீங்க. ஆமாங்க, நான் கட்டினதுதான். மார்கழியில ஊத்தி ஏழாம் நாள் பிரிச்சேன். உங்க அத்தைக்கிட்ட மட்டும் அந்தப் பேச்சை எடுத்துராதீங்க.