மீட்டர் போடுங்கள், ஐயா!

குரோஸ்குளோக்னர் உயர் ஆல்ப்ஸ் சாலை நிறுவனத்தின் மேன்மைமிகு நிர்வாகிகளுக்கு,

ஐரோப்பிய மலைச்சாலைகளில் கோடை விடுமுறையைக் காரில் கழிக்கத் திட்டமிடுகிறவர் செலவுக் கணக்கு போட உட்கார்ந்தால், உங்கள் பெருமை உடனே தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாயை 2,429 மீட்டர் உயரத்தில் காசில்லாமல் கடக்கலாம். இத்தாலியின் ஸ்டெல்வியோவில் 2,757 மீட்டர் ஏறவும், பிராட்டோ பக்கத்து 48 கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரளவும் ஒரு சென்ட் கேட்பாரில்லை. ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளுக்கான விக்னெட் வில்லையை முறைப்படி வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தாலும், உங்கள் ஃபெர்லைட்டன் சாவடியில் அது செல்லாக்காசு. 48 கிலோமீட்டர் சாலைக்கு, ஒரு காருக்கு 40 யூரோவுக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். அதைக் குறை சொல்ல வரவில்லை. நீங்கள் விற்பது சாலையை மட்டுமா, காட்சியையும் சேர்த்துத்தானே? 3,798 மீட்டர் உயர்ந்து நிற்கும் குரோஸ்குளோக்னர், நாட்டின் மிக உயர்ந்த மலை. அதன் காலடியில் பாஸ்டெர்ட்சே, ஆஸ்திரியாவின் மிகப் பெரிய பனியாறு. காட்சிக்குக் காசு வாங்குவது உலக வழக்கம்தான். கேள்வியெல்லாம் சரக்கின் அளவைப் பற்றியது.

1856-இல் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசெஃப் மனைவி எலிசபெத்துடன் இங்கே வந்தபோது, பனியாறு தன் பெருக்கத்தின் உச்சத்தை ஒட்டி இருந்தது. அவர் பெயரைத் தாங்கிய மேட்டில் இப்போது பல அடுக்குக் கார் நிறுத்தகம் நிற்கிறது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது சாம்பல் நிறப் பாறைச் சரிவு. அதன் அடியில் கலங்கல் நீர். அதற்கும் அப்பால், கல்லும் மண்ணும் மூடிய அழுக்குப் பனி நாக்கு. வந்தவர்களைப் பனியின் ஓரத்துக்கே கொண்டுபோய் விடுவதற்காக 1963-இல் ஓர் இழுவை ரயில் போட்டார்கள். அதன் கீழ் நிலையம் இன்று பனியை விட்டு வெகு உயரத்தில், வெறும் பாறையில் தொங்குகிறது. ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தின் அளவீட்டின்படி 2022-23 ஆண்டில் மட்டும் பாஸ்டெர்ட்சே 203.5 மீட்டர் பின்வாங்கியது. இப்படிச் சரக்கு கண்ணெதிரே சுருங்க, விலைப்பலகை மட்டும் ஏறுமுகமாகவே இருக்கிறது. ஓட்டை ஆட்டோவில்கூட மீட்டர் என்று ஒன்று இருக்கும், அது ஓடுகிறதோ இல்லையோ.

உங்கள் தரப்பு பதில் தெரிந்ததே. பனி உருகுவது உலகமெல்லாம் விட்ட புகையால். எங்கள் சாலையை நாளையே மூடினாலும் ஒரு வாளிப் பனி மிஞ்சாது என்பீர்கள். முழு உண்மை. ஆனால் உருக்கியது நீங்கள் அல்ல என்றால், உறைய வைத்ததும் நீங்கள் அல்லவே. பிறகு எந்த உரிமையில் சீட்டு கிழிக்கிறீர்கள்? பராமரிப்புச் செலவு என்பது அடுத்த பதில். இதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1935 ஆகஸ்டில் திறந்த இந்தச் சாலையை வகுத்த பொறியாளர் ஃப்ரான்ஸ் வால்லாக், அதில் பனி அள்ளும் சுழல் இயந்திரங்களையும் தாமே வடிவமைத்தார். 1950-களில் வந்த அந்த இயந்திரங்கள் இன்றும் வசந்தத்தில் இறங்கி, ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் பனிச் சுவர்களைக் குடைந்து வழி திறக்கின்றன. ஆக, சாலையில் இருக்கிற பனியை அகற்றக் கட்டணம். பள்ளத்தாக்கில் இல்லாத பனியைக் காட்டவும் அதே கட்டணம். இந்தக் கணக்கை எழுதிய கணக்கருக்கு மாலை போட வேண்டும். மின்சாரக் காருக்குச் சலுகை தருகிறோமே என்றால், தருகிறீர்கள்தான். விடாத புகைக்குத் தள்ளுபடி உண்டு, காணாமற்போன பனிக்குத்தான் இல்லை.

உங்கள் பக்கம் இருக்கும் ஒரு நியாயத்தின் முன் மட்டும் பகடி எடுபடாது. முழங்கால் தேய்ந்த முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் 2,000 மீட்டருக்கு மேலே நின்று, இவ்வளவு பெரிய மலையை முகத்துக்கு முகம் பார்ப்பது இந்தச் சாலையின் புண்ணியம். கயிறு கட்டி ஏறத் தெரிந்தவர்களின் தனிச்சொத்தாக ஆல்ப்ஸ் இருந்ததை உடைத்த சாலைகளில் இது ஒன்று. அதனால்தான் சாலையை மூடு என்று கொடிபிடிப்பவர்களோடு இந்தக் கடிதம் சேரவில்லை. ஆனால் அந்த முதியவருக்கும் தாம் எதைப் பார்க்கக் காசு கொடுக்கிறார் என்று தெரிய வேண்டாமா? பழைய பெருமையையும் இன்றைய பள்ளத்தையும் ஒரே சீட்டில் விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வால்லாக்கின் 36 வளைவுகளை வளைவுகளாகவே விற்றுப் பாருங்கள். கைவேலை என்று பார்த்தால் 40 யூரோ அதற்கு அதிகமில்லை.

ஆகவே கோரிக்கை இதுதான். சீட்டின் முன்பக்கத்தில் சாலைக்கான கட்டணத்தைத் தனியாகவும் பனிக்கான கட்டணத்தைத் தனியாகவும் அச்சிடுங்கள். பனிக்கான தொகை, ஆல்பைன் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் அளவீட்டோடு சேர்ந்தே இறங்கட்டும். ஃபுர்கா பக்கம் ரோன் பனியாற்றில் பனிக்குகைக்கு நுழைவுச்சீட்டு விற்பவர்கள், கோடையில் அதன்மேல் வெள்ளைப் போர்வையாவது போர்த்தி வந்திருக்கிறார்கள். சரக்கு மேல் அவ்வளவு அக்கறை! உங்களிடம் போர்வை கேட்கவில்லை, ரசீதுதான் கேட்கிறோம். பனிக்கணக்கு ஒரு நாள் பூஜ்யத்துக்கு வந்தபின் அந்த இடத்தில் தேங்கும் ஏரிக்குப் புதுக் கட்டணம் விதிப்பதாக இருந்தால், அதன் நீள அகலத்தையும் இப்போதே அளக்கத் தொடங்கிவிடுவது உத்தமம்.

இப்படிக்கு,
கோடைப் பயணச் செலவுக் கணக்கில் உங்கள் வரியை இன்னும் பென்சிலிலேயே எழுதி வைத்திருக்கும் ஒருவர்